அரை மைல் காடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்பைப் படித்தேன். நான் சான் ஹோசேயில் வசிக்கிறேன். ஜூன் மாதம் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதால் சேர்ந்தாற்போல் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. அப்பா நன்றாக நடப்பார். ஆனால் "மரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்கிறார். உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியனைக் காட்டினால் அவர் மனம் மாறும் என்று நினைக்கிறேன். அம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் காட்டுக்குள் போய்வருவது சரியாக இருக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரெட்வுட் காட்டின் ஆகச் சிறந்த பகுதிகளில் பல, அவரால் நடக்க முடிந்த இடங்களிலேயே இருக்கின்றன. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்த மரங்களில் மிகப் பெரியவை ஆற்றோரச் சமவெளிகளில்தான் ஓங்கி வளர்கின்றன. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு வண்டல் மண்ணைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றிப் படிய வைக்கிறது. வேறு மரங்களாக இருந்தால் வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடக்கூடிய அந்தப் புதிய மண்ணுக்குள், ரெட்வுட் மேல்நோக்கிப் புதிய வேர்களை விட்டு அதையே உணவாக்கிக்கொள்கிறது. சரிவுகளில் ஏறி இறங்கும் நீண்ட பாதைகளில் அழகு இல்லாமல் இல்லை; ஆனால் நெடிதுயர்ந்த மரங்கள் நெருங்கி நிற்கும் தோப்பு வேண்டுமென்றால், சமதளத்தில் போகும் அரை மைல் பாதைக்குத்தான் போக வேண்டும். இந்த ஒரு காட்டில் மட்டுமாவது, முழங்கால் வலி உள்ளவருக்கு எது எளிதோ அதுவே எல்லோருக்கும் சிறந்ததாகவும் அமைந்திருக்கிறது.

(செம்மரம் என்று எழுதாமல் ரெட்வுட் என்றே ஏன் எழுதுகிறீர்கள் என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். செம்மரம் என்றால் நமக்கு ஆந்திர மலைகளில் கடத்தப்படும் மரம்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. சியரா நெவாடா மலையில் இருக்கும் பருத்த செக்கோயா மரங்களும் இதற்கு உறவுதானே தவிர இவையே அல்ல. பருமனில் அவை பெரியவை. உயரத்தில் கடற்கரையோர ரெட்வுட்தான் பெரியது.)

ஹைப்பீரியனைப் பார்க்கும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 380 அடி உயரமுள்ள அந்த மரம் 2006-இல் கண்டறியப்பட்டது. அதற்குப் போகப் பாதை கிடையாது. இருப்பிடம் இணையத்தில் பரவிய பிறகு, புதரை மிதித்துக்கொண்டு போனவர்களால் அடிமரத்தைச் சுற்றியிருந்த பெரணிகள் அழிந்து மண் இறுகிப்போனது. 2022-இல் தேசியப் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடிவிட்டது. மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தண்டனையை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ரெட்வுட்டுக்கு ஆணிவேர் இல்லை. அத்தனை உயரத்தையும் தாங்கும் வேர்கள் பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்துக்கு மேல் போவதில்லை. பக்கவாட்டில் நூறு அடி வரை பரவி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன. நாம் பாதையை விட்டு விலகி வைக்கும் ஒவ்வொரு காலும் அந்த வேரின் மேல்தான் விழுகிறது. அத்துடன், அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு 380 அடியும் 300 அடியும் ஒன்றுதான். உச்சி கண்ணுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு உயரம் புரிய வேண்டுமென்றால் விழுந்த மரத்தைக் காட்டுங்கள். ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பு இருக்கிறது. சுற்றுப்பாதை அரை மைல்தான், ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே டயர்வில் ஜயன்ட் என்று பெயர்பெற்ற, சுமார் 360 அடி உயரமிருந்த மரம் 1991 மார்ச்சில் சாய்ந்தது. அன்று விழுந்தபடியே இன்றும் கிடக்கிறது. படுத்த நிலையிலும் அடிமரம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. பிடுங்கிக்கொண்டு வந்த வேர்க்கட்டு ஒரு வீட்டுச் சுவரைப் போல எழுந்திருக்கிறது. நான் வேரிலிருந்து நுனியை நோக்கி எண்ணிக்கொண்டே அதன் ஓரமாக நடந்தேன். நூறு எட்டு வைத்த பிறகும் மரம் முடியவில்லை. நிற்கும் மரம் எனக்குக் காட்டாத உயரத்தைக் கிடக்கும் மரம் காட்டியது. அதன் முதுகில் பெரணியும் பாசியும் இளங்கன்றுகளும் முளைத்திருந்தன. அது மட்கி முடிய இன்னும் சில நூற்றாண்டுகள் ஆகும்.

சான் ஹோசேயிலிருந்து அங்கே போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்புவது உங்கள் அம்மாவுக்கு நடையை விடக் கடினமாக இருக்கும். ஓர் இரவு தங்கித்தான் வர வேண்டும். ஆகவே முதலில் உங்களுக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். ஃபெல்டன் ஊரில் உள்ள ஹென்றி கோவெல் மாநிலப் பூங்கா, நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். அங்குள்ள ரெட்வுட் குரோவ் சுற்றுப்பாதை 0.8 மைல், முழுவதும் சமதளம். உயரத்தில் வடக்கத்திக் காடுகளுக்கு ஈடில்லை என்றாலும் கோடரி படாத நாற்பது ஏக்கர் பழங்காடுதான். இந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் இருந்த பழங்காட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் இன்று மிச்சம் என்பதால், அந்த நாற்பது ஏக்கரையும் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிக் பேசினுக்குப் போகச் சொல்லிச் சிலர் பரிந்துரைப்பார்கள். 2020 ஆகஸ்ட் தீயில் அந்தப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்துபோனது. கரிந்த தண்டுகளிலிருந்து ரெட்வுட்கள் மறுபடி துளிர்த்திருப்பது பார்க்க வேண்டிய காட்சி என்றாலும், முதன்முதலாக வருபவருக்கு நிழலும் ஈரமுமான காட்டைக் காட்டுவதே நல்லது.

பாதை அரை மைல் என்பதற்காக அரை மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அம்மா நிற்கும் இடத்திலெல்லாம் நீங்களும் நில்லுங்கள். அவரைத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இதய வடிவச் சிற்றிலைகளோடு படர்ந்திருக்கும் செடியை அவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். நம் தோட்டத்துப் புளியாரையின் இனம்தான் அது, இலை மட்டும் பெரியது. மேலிருந்து வெயில் ஒரு துண்டாக இறங்கி அதன் மேல் விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று சிற்றிலைகளும் குடை மடங்குவதைப் போலக் கீழே மடங்கிவிடும். வெயில் நகர்ந்ததும் மெல்ல விரியும். நிழலிலேயே வாழப் பழகிய இலைக்கு நேர்வெயில் தாங்காது. ஒரு செடியின் முன்னால் நான் இருபது நிமிடம் நின்றதில், வெயில்பட்ட பாதி மடங்கியும் படாத பாதி விரிந்தும் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பறித்துப் பார்க்க அவருக்குக் கை போகும். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுச்சோற்றைப் பிரித்ததும் நீல நிறத்தில் கொண்டை வைத்த பறவை ஒன்று பக்கத்தில் வந்து உட்காரும். ஸ்டெல்லர்ஸ் ஜே என்று பெயர்; காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காக்கைக்கு ஒரு பிடி வைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. ஆனால் இங்கே ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது. மார்பிள்டு மர்லெட் என்ற கடற்பறவை, கடலில் வாழ்ந்தாலும் முட்டையிட இந்தப் பழங்காட்டுக்கு வருகிறது. கூடு கட்டுவதில்லை, உயரத்தில் பாசி படர்ந்த பருத்த கிளையின் மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. 1974-இல் பிக் பேசினில் மரமேறிய ஒருவர் தற்செயலாகக் காணும் வரை, அது இப்படி மரத்தில் முட்டையிடும் செய்தியே கலிஃபோர்னியாவில் யாருக்கும் தெரியாது. மனிதர் சிந்தும் உணவால் ஜே பறவைகள் பெருகும்போது, அந்த ஒற்றை முட்டைதான் அவற்றுக்கு இரையாகிறது.

வடக்கே இன்னும் போக முடிந்தால், ஜெடிடயா ஸ்மித் பூங்காவில் ஸ்மித் ஆற்றங்கரையில் உள்ள ஸ்டவுட் குரோவ் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம். வெள்ளம் கழுவிவிட்ட தரையில் பெரணி தவிர அதிகம் வளர்வதில்லை என்பதால், மரங்கள் அடியிலிருந்தே முழுதாகத் தெரியும். தோப்பு சமதளம் என்றாலும், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அதற்கு இறங்கும் சரிவு செங்குத்தானது. உங்கள் அம்மாவுக்கு இறக்கத்தில்தான் முழங்கால் அதிகம் வலிக்கும். கைத்தடி ஒன்று கொண்டுபோங்கள்.

ஜூன் என்றாலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும். கோடையில் மழை இல்லாத அந்தக் கரையில், கடலிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டும் நீரே இந்தக் காட்டைக் காப்பாற்றுகிறது. காலையில் போனால் அந்தச் சொட்டு உங்கள் தலையிலும் விழும். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வேறு வேலையாகப் போகும் நாளில், அதற்கு அருகிலுள்ள மியூர் வுட்ஸ் என்ற ரெட்வுட் காட்டையும் பார்க்கலாம். மரப்பலகைப் பாதை நன்றாக இருக்கும், கூட்டம் மட்டும் அதிகம். வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம். அங்கே கைப்பேசி இணைப்பு கிடைக்காது என்பதால், பதிவுச் சீட்டை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.