தங்கமும் ஸ்டீலும் கலந்த வாட்ச்: ஆசை சரி, தங்கம் எங்கே?

கேள்வி: இருபது வருடம் வேலை பார்த்த பிறகு எனக்கென்று ஒரு நல்ல வாட்ச் வாங்கலாம் என்றிருக்கிறேன். தங்கமும் ஸ்டீலும் கலந்த டூ-டோன் வாட்ச்தான் கண்ணிலேயே நிற்கிறது. நண்பர்கள், “முழுத் தங்கம் வாங்கு, இல்லாவிட்டால் முழு ஸ்டீல் வாங்கு, இது ரெண்டுங்கெட்டான்” என்கிறார்கள். கடைக்காரரோ, “தங்கம் இருக்கிறதே, பணம் எங்கே போய்விடும்?” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நண்பர்களை விட்டுவிடுங்கள். கடைக்காரர் சொன்னதைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

1980-களில் இந்த வகை வாட்ச் ஏகப்பட்ட கைகளில் ஏறியது. அதனாலேயே பின்னால் ‘பெரியப்பா வாட்ச்’ என்று ஒதுக்கப்பட்டது. நானும் அப்படிக் கிண்டல் செய்தவன்தான். ஆனால் சரக்கு அதைவிடப் பழையது. இந்தக் கலவைக்கு ‘ரோலசார்’ என்று ரோலக்ஸ் பெயர் பதிவு செய்தது 1933-ல். 1978-ல் கார்ட்டியே, ஸ்டீல் செயினில் தங்கத் திருகுகள் வெளியே தெரிய சாண்டோஸ் வாட்சைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் மறைக்கப் பார்க்கும் திருகை அலங்காரமாக்கிய அந்தக் குறும்பு எனக்கு இன்றும் பிடிக்கும்.

18 கேரட் தங்கம் ஸ்டீலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். முழுத் தங்க வாட்ச் கையில் இருப்பதை நாள் முழுக்க நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும், எதிரில் இருப்பவருக்கும் சேர்த்து! டூ-டோனில் அந்தத் தொல்லை குறைவு. மோதிரம் தங்கமோ வெள்ளியோ, இரண்டோடும் ஒத்துப்போகும். மேசையில் உரசும் பக்கங்கள் பெரும்பாலும் ஸ்டீலாகவே இருக்கும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையமான பெசல் மட்டும் விதிவிலக்கு. கதவு நிலையில் இடிபடுவது அதுதான், தங்கமாக இருப்பதும் அதுதான்.

சரி, இனி கடைக்காரரிடம் வருவோம். ‘தங்கம்’ என்று அவர் சொல்வது மூன்றில் எது என்று கேளுங்கள். முதலாவது, அந்தப் பாகம் முழுக்கவே தங்கம்: பெசல், சாவி கொடுக்கும் கிரவுன், செயினின் நடு லிங்க். 18 கேரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். 750 என்ற முத்திரை இருக்கும். இரண்டாவது, ஸ்டீல் மேல் தங்கத் தகடு போர்த்தியது. டூடர் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பிளாக் பே எஸ் அண்ட் ஜி வாட்சின் நடு லிங்க்குகள் இந்த வகை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சொல்லி விற்றால் சரி. தகட்டின் தடிமனை மைக்ரானில் சொல்வார்கள். 200 மைக்ரான் என்றால் 0.2 மில்லிமீட்டர். மூன்றாவது, முலாம் அல்லது பிவிடி பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் மெல்லிய படலம்). இதில் சில நேரம் தங்கமே இருக்காது. டைட்டானியம் நைட்ரைடு என்ற சேர்மத்துக்கு இயல்பிலேயே பொன்நிறம். அப்படிப்பட்ட வாட்சைத் தங்க விலைக்கு வாங்கினால் தப்பு உங்கள் மேல்தான். விவரக்குறிப்பில் ‘தங்க நிறம்’ என்று இருக்கிறதா, ‘18 கேரட் தங்கம்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு சொல்லில் விலையே மாறிவிடும்.

உண்மையான தங்கமாகவே இருந்தாலும், வாட்சுக்குக் கொடுக்கும் பணத்தில் உலோகத்தின் பங்கு சிறியது. பெயருக்கும் எந்திரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும்தான் மீதி. நகை மாதிரி எடைபோட்டு விற்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள். பலரும் தேடுகிற ஸ்போர்ட்ஸ் மாடல்களில், போட்ட பணத்துக்கு அதிகம் திரும்பித் தருவது பெரும்பாலும் முழு ஸ்டீல்தான். அதே காரணத்தால், கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது டூ-டோனுக்குக் குறைவாக இருக்கும். கட்டிக்கொள்ள வாங்குபவருக்கு அது லாபம்தானே.

கேள்வி: பழைய டூ-டோன் வாட்ச் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. புதுசு போலப் பளபளக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அந்தப் பளபளப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் உலோகம் போகும். வரிவரியாகச் செதுக்கிய பெசல் என்றால் விரலால் தடவிப் பாருங்கள். விளிம்புகள் கூர்மையாக இல்லாமல் சோப்புக் கட்டி போல வழவழவென்றிருந்தால் பல முறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் செயின். வாட்சைப் பக்கவாட்டில் திருப்பி, கேஸை (எந்திரம் இருக்கும் உடல் பகுதியை) மட்டும் பிடித்து, செயினைக் கிடைமட்டமாக நீட்டுங்கள். வாழை மட்டை மாதிரி வளைந்து தொங்கினால் லிங்க்குகள் தேய்ந்துவிட்டன. பழைய மாடல்கள் பலவற்றில் நடு லிங்க் உள்ளே கூடாக இருக்கும், அதனால் சீக்கிரம் தளரும். அதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று வெளியே ஒரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் கேட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள்.