கஸ்டர் ஜெனரலா, லெப்டினன்ட் கர்னலா?

கேள்வி: அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அவரை ஒரு புத்தகம் மேஜர் ஜெனரல் என்கிறது, இன்னொன்று லெப்டினன்ட் கர்னல் என்கிறது, மூன்றாவது கேப்டன் என்கிறது. எதைப் போடுவது? அவருடைய பணிப் பதிவேட்டின் நகலுக்கு ஓர் இணையதளம் 60 டாலர் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட்டில் படித்துத் தேறியவர்களுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்து ஜார்ஜ் கல்லம் தொகுத்த பதிவேடு இருக்கிறது. அதில் கஸ்டரின் எண் 1966. அமெரிக்க ராணுவ அதிகாரிகளைப் பட்டியலிட்டு 1903இல் வந்த ஹெய்ட்மன் பதிவேடும் உண்டு. இரண்டுமே காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இதே பக்கங்களை அச்சடித்து, தங்க நிற பார்டர் போட்டு, 'ஜெனரல் கஸ்டர்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்து விற்ற ஒரு 'சான்றிதழை' நானே பார்த்திருக்கிறேன். விற்றவருக்கு கஸ்டரும் தெரியாது, பதிவேடும் தெரியாது.

சரி, பதவிக்கு வருவோம். மூன்று புத்தகங்களும் பொய் சொல்லவில்லை. உள்நாட்டுப் போரின்போது அமெரிக்காவில் நிரந்தரப் படை ஒன்று, தன்னார்வப் படை ஒன்று என இரண்டு படைகள். ஒரே ஆளுக்கு இரண்டிலும் தனித்தனிப் பதவி. 1861இல் வகுப்பிலேயே கடைசி மாணவராகத் தேறிய கஸ்டர், 1863இல் 23 வயதில் தன்னார்வப் படையின் பிரிகேடியர் ஜெனரல், 1865இல் மேஜர் ஜெனரல். போர் முடிந்து அந்தப் படையைக் கலைத்ததும் நிரந்தரப் படையின் வெறும் கேப்டன்!

இது போதாதென்று 'பிரெவெட்' என்றொரு வம்பு: சண்டையில் நன்றாகப் பணியாற்றியதற்குக் கொடுத்த கௌரவப் பதவி. கிட்டத்தட்ட நம் கௌரவ டாக்டர் பட்டம் போல. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம், அதை வைத்து ஊசி போட முடியாது. 13 மார்ச் 1865 என்ற தேதியைக் கண்டால் உஷாராகுங்கள். ஏராளமானோருக்கு அந்த ஒரே தேதியிட்டுப் பட்டம் வழங்கியிருக்கிறார்கள். கஸ்டர் ஃபைவ் ஃபோர்க்ஸ் சண்டைக்காகப் பெற்ற பட்டத்திலும் அதே தேதிதான். சண்டை நடந்ததோ ஏப்ரல் 1! எந்த குமாஸ்தாவும் இதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு விலக்கு உண்டு, இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அந்தக் காலத்தில் குடியரசுத் தலைவரே ஓர் அதிகாரியை அவருடைய பிரெவெட் பதவியில் பணியமர்த்தினால், அந்தப் பணியில் இருக்கும்வரை அதிகாரம் உண்மையானது. அந்தப் பணி முடிந்தால் அதுவும் முடிந்தது. அப்படியோர் ஆணையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் விலக்கு கொடுங்கள். 'எல்லோரும் அவரை ஜெனரல் என்றுதான் கூப்பிட்டார்கள்' என்பது ஆணை ஆகாது. மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உங்கள் கட்டுரையில் 1863 முதல் போர் முடியும்வரை ஜெனரல் என்றே எழுதுங்கள். 1866 ஜூலை முதல், 25 ஜூன் 1876 அன்று லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இறக்கும்வரை, 7ஆம் குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னல். அப்புறம், அந்த ரெஜிமென்ட்டின் கர்னல் என்று எழுதிவிடாதீர்கள். அன்று அந்தப் பதவியில் இருந்தவர் சாமுவேல் ஸ்டர்ஜிஸ்; வேறு பணிக்கு அனுப்பப்பட்டிருந்ததால் அவர் களத்தில் இல்லை.