மடையான் பறந்துவிடுகிறது: பெரிய லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் 300 மி.மீ. லென்ஸ் வைத்துப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். மடையான் என்னும் சிறு கொக்கை நெருங்குவதற்குள் பறந்துவிடுகிறது. பறக்கும்போது எடுத்தால் இறக்கை வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. 600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நடந்தே நெருங்கினால், 600-லும் பறந்துபோகும் முதுகைத்தான் எடுப்பீர்கள்.

மடையானின் கழுத்தைப் பாருங்கள். அச்சமில்லாதபோது அதைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கூனி நிற்கும். கழுத்து செங்குத்தாக நீண்டு உடல் விறைத்தால் உங்களைக் கண்டுகொண்டது என்று பொருள். அப்படியே நின்றுவிடுங்கள், கேமராவைக்கூடத் தூக்க வேண்டாம். கழுத்து மறுபடி உள்ளே போன பிறகே அடுத்த அசைவு. இரைக்காகவும் கழுத்தை நீட்டும். அப்போது அலகு தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த வேறுபாடு ஒரே வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

இதைவிட நல்ல வழி, விடியும் முன்பே போய் உட்கார்ந்துகொள்வது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். மங்கிய நிறச் சட்டை போதும். கரையோரம் தாழ்வாக அமர்ந்தால் கேமரா பறவையின் கண்மட்டத்துக்கு வரும். அது இரை தேடியபடி தானாகவே அருகில் வரும். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அப்படிக் காத்திருந்து கிடைத்தவைதான்.

இனி அந்த வெள்ளை. உட்கார்ந்திருக்கும் மடையான் மண் நிறம். எழுந்தால் இறக்கை முழுக்க வெண்மை. பழுப்பு உடலையும் இருண்ட கரையையும் அளந்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கும், அதனால்தான் இறகின் வரிகள் அழிகின்றன. வெளிச்ச அளவை நாமே அமைக்கும் மேனுவல் முறைக்கு மாறி, வரப்போகும் வெள்ளைக்கு ஏற்ப முன்கூட்டியே அமையுங்கள். தெளிந்த காலை வெயிலில் ஷட்டர் வேகம் 1/2000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கலாம். பக்கத்தில் ஒரு வெண்கொக்கை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இறகு தெரியாவிட்டால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்புவதால், காற்றும் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசினால் முகம் கிடைக்கும்.

கூட்டை மட்டும் நெருங்காதீர்கள். தாய் எழுந்துபோனால் சிறிது நேரத்திலேயே காகம் முட்டையைத் தூக்கிவிடும், வெயில் குஞ்சைக் கொன்றுவிடும். கூடு கட்டும் காட்சி வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல் போங்கள். கரையில் மனிதர் நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள் அவை. அலகில் சுள்ளியோடு தாழப் பறந்து வரும் நாரைக்கு உங்கள் 300 போதும்.