கையெழுத்துப் போட்டது கணவர்தான், ஆனால்…

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. உரக்கடை வைத்திருக்கிறார். நாற்பது லட்சம் பெறும் நிலத்தைப் பன்னிரண்டு லட்சத்துக்குத் தருவதாகப் போன வருஷம் கிரய ஒப்பந்தம் பதிவு செய்துவிட்டார். முன்பணம் இரண்டு லட்சம். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை ஜாங்கிரியை எடுத்துச் சாப்பிட்டுச் சிரித்தார். கிண்டல் என்று நினைத்தோம். இப்போது ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்கிறார் டாக்டர். வாங்கியவர் கிரயம் செய்யச் சொல்லி நோட்டீஸ் விட்டிருக்கிறார். கணவரிடம் பவர் வாங்கச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: சகோதரி, முதலில் அந்த பவர் யோசனையை விடுங்கள். வழக்கையே அது கெடுத்துவிடும். ஒப்பந்தம் போடும் நிலையில் அவர் இல்லை என்பீர்கள். பவர் கொடுக்க மட்டும் தெளிவாக இருந்தாரா என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். பவர் எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் நம் சட்டப்படி அந்த பவரும் செல்லாது.

'அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதே' என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். இருக்கலாம். இந்த நோயில் மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்குகின்றன. ஆரம்பத்தில் போவது பெரும்பாலும் நினைவு அல்ல, நிதானம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவும் நினைவைக் கேட்கவில்லை. ஒப்பந்தம் போடும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு நல்லதா கெட்டதா என்று சீர்தூக்க முடிந்ததா என்றே கேட்கிறது. முடியவில்லை என்றால் ஒப்பந்தமே செல்லாது.

ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் நம்முடையது. கையெழுத்துக்குப் பிறகு வந்த டாக்டர் சான்று மட்டும் போதாது. கல்யாண வீடியோ இருக்கிறதா? உடனே வாங்கி வையுங்கள், பத்திரிகையோடு சேர்த்து. தேதிக்கு அதுவே சாட்சி. கடைக் கணக்கு நோட்டு, வாட்ஸ்அப் செய்திகள், எம்ஆர்ஐ அறிக்கை எல்லாம் வேண்டும். நோய் எப்போதிலிருந்து இருந்திருக்கும் என்று நரம்பியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள். பின்னால் அவரே சாட்சி சொல்ல வரவேண்டியிருக்கும். அடிமாட்டு விலை நமக்குச் சாதகம்தான், ஆனால் அது மட்டும் வழக்கை ஜெயித்துத் தராது.

நோட்டீசுக்குப் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள். அப்புறம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆவது கட்டளை, 15ஆவது விதிப்படி கணவருக்காக நீங்களே வழக்குப் போடலாம். அவர் நிலையை நீதிமன்றம் விசாரித்துப் பார்க்கும். ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேளுங்கள். வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தை வைத்து நிலத்தை வேறு யாருக்கும் கைமாற்றாதிருக்கத் தடையும் கேளுங்கள். பொதுவாக மூன்று வருஷ காலவரம்பு, தள்ளிப்போடாதீர்கள். ஜெயித்தாலும் அந்த இரண்டு லட்சத்தைத் திருப்பித்தர வேண்டிவரலாம், தனியாக எடுத்து வையுங்கள்.

வைத்தியச் செலவுக்கு அவர் பெயரிலுள்ள சொத்தை விற்பது வேறு விஷயம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அதற்கு வழியில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்க வேண்டும். வங்கிப் புத்தகம், செக் புத்தகம், ஏடிஎம் கார்டு எல்லாம் இப்போது யார் கையில் இருக்கிறது?