அடி விலை மலிவு, அலமாரியும் மலிவா?

கேள்வி: சிங்கப்பூரின் தெங்காவில் புது வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டோம். பெரிய படுக்கையறையில் சுவர் முழுக்க அலமாரி செய்ய மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டோம். ஒருவர் மட்டும் அடிக்கு நூறு வெள்ளி குறைத்துச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த ஒரு அடிக்குள் என்னென்ன அடங்கும் என்று முதலில் கேளுங்கள். அடிக் கணக்கு என்பது அகலத்துக்குத்தான். உயரம் பெரும்பாலும் 8 அடி வரை சேர்த்தி. பலகையும் அதன் மேல் ஒட்டும் லேமினேட் தகடும் 8க்கு 4 அடி அளவில் வருவதுதான் காரணம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் கூரை அதைவிட அரை அடி போல உயரம். அந்த மிச்சத்தை மூடுவதற்கு ஒருவர் தனியாகப் பணம் கேட்பார், இன்னொருவர் சேர்த்தே சொல்லியிருப்பார். இழுப்பறை, கண்ணாடி, சறுக்குக் கதவு, மெதுவாக மூடும் கீல், 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒரே வரைபடத்தை மூவரிடமும் கொடுத்து, மொத்த விலையை எழுதி வாங்குங்கள். அப்போது யார் மலிவு என்பது மாறினாலும் மாறும்.

பலகை என்ன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ‘நல்ல மரம்’ என்று வாயால் சொன்னால் போதாது. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்யும் பார்ட்டிகல் போர்டு ஈரம் பட்டால் ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. கீலின் திருகு ஒருமுறை கழன்றால் அதே துளையில் மறுபடி இறுகுவதும் சிரமம். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கதவு நீங்கலான அலமாரிக் கூடு மட்டுமாவது ப்ளைவுட்டாக இருக்கட்டும்.

இனி உள்ளே வருவோம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டிசைனர் கொடுக்கும் வரைபடத்தில் நீளமாக ஒரு கம்பி இருக்கும், கோட்டும் கவுனும் தொங்கவிட. நம் வீட்டில் மடித்து வைப்பதுதான் அதிகம்: புடவை, வேட்டி, சுடிதார், போர்வை. பட்டுப்புடவையை வருடக்கணக்கில் ஹேங்கரில் தொங்கவிடுவதும் நல்லதல்ல. ஆகவே கம்பியைக் குறைத்துத் தட்டுகளைக் கூட்டச் சொல்லுங்கள். ஆனால் ஹேங்கர் இடிக்காமல் இருக்க அலமாரிக்கு 60 செண்டிமீட்டர் ஆழம் வைப்பார்கள். அந்த ஆழத்தில் சாதாரணத் தட்டு போட்டால் பின்வரிசைப் புடவைகள் தீபாவளிக்குத் தீபாவளிதான் கண்ணில் படும். வெளியே இழுக்கக்கூடிய தட்டு வையுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான், என்னைக் கேட்டால் கண்ணாடிக் கதவையும் உள்விளக்கையும் விட்டுவிட்டு இதற்குக் கொடுப்பேன். தட்டுக்குத் தட்டு 30 செண்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் அடுக்கினால் சரியும்.

இன்னொன்று, எந்தச் சுவர்? குளியலறையை ஒட்டிய சுவரென்றால் கசிவு இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புதிய பிடிஓ வீட்டில் குறைபாடுகளைச் சரிசெய்து கொடுக்கச் சாவி வாங்கியதிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. அலமாரி மறைத்துவிட்டால் ஈரம் தெரியாது, பூஞ்சை வாடை வந்த பிறகுதான் தெரியும். முதலில் புகார் கொடுத்து முடியுங்கள், அப்புறம் தச்சர் வரட்டும். அவர் கடைசி அளவு எடுப்பதும் தரை வேலை முடிந்த பிறகுதான்.

கேள்வி: இன்றே கையெழுத்திட்டு 50 விழுக்காடு முன்பணம் கட்டினால் தள்ளுபடி தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தள்ளுபடி அடுத்த வாரமும் கிடைக்கும். கையெழுத்திடும்போது சிறு தொகை, அளவு எடுத்தபின் ஒரு பகுதி, அலமாரி வீட்டுக்கு வந்தபின் ஒரு பகுதி, கதவெல்லாம் சரியாக மூடுகிறதா என்று பார்த்தபின் மீதி என்று பிரித்துக் கேளுங்கள். வீவக வீடென்றால், வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளரா என்றும் பாருங்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்றவர் என்றால் கூடுதல் நல்லது: நிறுவனம் மூடப்பட்டால் உங்கள் முன்பணத்தைக் காக்க அவர் பிணைப்பத்திரம் எடுக்க வேண்டும். அது உங்கள் பெயருக்கு எடுக்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்குள் அலமாரிக் கதவு தொங்கிவிட்டது, லேமினேட் உரிகிறது. குத்தகையாளர் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: போனை விடுங்கள். படங்களோடு, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று குறிப்பிட்டு, மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதிலும் நடக்காவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதால் ‘அடுத்த மாதம் வருகிறேன்’ என்ற பேச்சை நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். இதற்கிடையே வேறொருவரை வைத்துப் பழுது பார்ப்பதாக இருந்தால், கை வைக்கும் முன் எல்லாவற்றையும் படமெடுத்து, அவரிடம் செலவுக் கணக்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.