டிரைவர் எத்தனை என்பதா கேள்வி? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: ஹெட்ஃபோன், இயர்ஃபோனில் ஒலியெழுப்பும் பாகமான டிரைவர் ஒன்று இருப்பது நல்லதா, பல இருப்பது நல்லதா? உடனே பதில் வேண்டும்.

பதில்: எந்தக் கருவியில் மாட்டிக் கேட்கப் போகிறீர்கள், எவ்வளவு செலவழிப்பீர்கள் என்ற இரண்டையும் எழுதாதவருக்கு என்னிடம் உடனடிப் பதில் கிடையாது.

கேள்வி: ஸ்பீக்கரில் தாழ்ஒலிக்கு ஊஃபர், உச்ச ஒலிக்கு ட்வீட்டர் என்று பிரிக்கிறார்கள். காதை மூடும் ஹெட்ஃபோனில் மட்டும் ஏன் ஒன்றே?

பதில்: அறையை நிரப்பும் ஸ்பீக்கர் ஏராளமான காற்றை அசைத்தாக வேண்டும், காதை ஒட்டியிருக்கும் ஹெட்ஃபோனுக்கு அந்தச் சுமை இல்லாததால், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே டயஃப்ரம் (டிரைவரில் அதிரும் சவ்வு) சமாளித்துவிடும். சென்ஹைசர் எச்டி 800இல் 56 மி.மீ. டிரைவர் ஒன்றுதான். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் டைனமிக் டிரைவரோடு, நிலைமின்னூட்டத்தால் இயங்கும் எலக்ட்ரெட் டிரைவரைச் சேர்த்த ஏகேஜி கே340 போன்றவை அபூர்வம்.

கேள்வி: காதுக்கு 12 டிரைவர் உள்ள இயர்ஃபோன், ஒற்றை டிரைவரைவிடக் கட்டாயம் உயர்ந்ததுதானே?

பதில்: இல்லை. இந்த எண்ணிக்கை மோகம் எனக்குத் தீராத எரிச்சல். இத்தகைய இயர்ஃபோன்களில் பெரும்பாலும் இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (காந்தங்களுக்கிடையே அதிரும் சிறு உலோகத் தகட்டால் இயங்கும் டிரைவர் வகை) மிகச் சிறியது. ஒன்றைக் கொண்டே அடிமுதல் உச்சம்வரை சீராக ஒலிக்கச் செய்வது கடினம் என்பதால் வேலையைப் பங்கிடுகிறார்கள். பங்கிட்டால், எந்த ஒலி எந்த டிரைவருக்கு என்று பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் வந்துவிடும். இரண்டு டிரைவர்கள் சேர்ந்து ஒலிக்கும் எல்லையில் அலைகள் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 34 மி.மீ.; டிரைவரிலிருந்து ஒலியைக் காதுக்குக் கொண்டுவரும் ஒலிக்குழாய்கள் இரண்டின் நீளம் 17 மி.மீ. வேறுபட்டால் அந்த ஒலி அடங்கிப்போகும், அதில் பாதி வேறுபட்டாலும் மெலியும். இதைச் சரிசெய்யத் தெரியாதவர் டிரைவர்களைக் கூட்டக் கூட்டச் சிக்கலையே கூட்டுகிறார். தவிர, எல்லா டிரைவரும் தனித்தனி வேலை செய்வதுமில்லை. ஷூர் எஸ்இ846இன் நான்கில் இரண்டு தாழ்ஒலிக்கே போவதால் அது த்ரீ-வே அமைப்புதான், அதாவது ஒலியை மூன்றாகப் பங்கிடுவதுதான். எனவே எத்தனை வே என்று கேளுங்கள், எத்தனை டிரைவர் என்று கேட்காதீர்கள். 1991இல் வந்த எடிமோடிக் ஈஆர்-4இல் இருப்பது ஒரே ஆர்மேச்சர். ஏறத்தாழ 1,300 டாலருக்கு வெளிவந்த சென்ஹைசர் ஐஇ 900இல் 7 மி.மீ. டைனமிக் ஒன்றே ஒன்று.

கேள்வி: என் நான்கு டிரைவர் இயர்ஃபோன் ஃபோனில் ஒருவிதமாகவும் பழைய ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையர்) வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. பழுதா?

பதில்: பழுதல்ல. பல ஆர்மேச்சர் உள்ளவற்றின் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின்னெதிர்ப்பு) ஒலியின் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 10 ஓமுக்கு மேல் இருந்தால் ஒலிச் சமநிலையே மாறிவிடும். அது 1 ஓமுக்குள் இருப்பது நல்லது. கருவியையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் நான் கேட்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஆறு டிரைவர் வாங்கியும் பேஸ் வரவில்லை. திருப்பித் தந்துவிடலாமா?

பதில்: முதலில் இயர்டிப்பை, அதாவது காதுக்குள் நுழையும் மென்மையான முனையை, மாற்றுங்கள். காதை இறுக அடைக்காத இயர்டிப்பில் ஆறு டிரைவரானாலும் அறுபதானாலும் பேஸ் வராது. அதற்காக வால்யூமை ஏற்றாதீர்கள், காதுதான் கெடும். மூன்று அளவு இயர்டிப்புகளையும் போட்டுப் பார்த்த பிறகும் வராவிட்டால் திருப்பித் தரலாம்.