நரம்புத் தளர்ச்சி: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 29. களுவாஞ்சிகுடிப் பக்கம். கல்யாணமாகி ஐந்து மாதம். நம்ம ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில்தான் இருக்கிறேன். முதல் கிழமையே உறவு சரிவரவில்லை. அதிலிருந்து இரவு வந்தாலே பயம். விடிகாலையில் மட்டும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. இளவயதுக் கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி என்கிறான் கூட்டாளி. மாத்திரை ஒன்றும் தந்திருக்கிறான், இன்னும் போடவில்லை. எனக்கு ஆண்மை இல்லையா? பெயர் போடாமல் பதில் எழுதுங்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

விடிகாலையைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஆரோக்கியமான ஆணுக்கு, கனவு வரும் உறக்கத்தின்போது, ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து தடவை உறுப்பு விறைக்கும். விழிக்கும்போது நீங்கள் காண்பது பெரும்பாலும் அதில் கடைசித் தடவை. நரம்பும் இரத்தக் குழாயும் வேலை செய்கின்றன என்பதற்கு உங்கள் உடம்பே தரும் சாட்சி அது.

அப்புறம் அந்த 'நரம்புத் தளர்ச்சி'. சுவர் நோட்டீஸ்களில் வந்த இந்தச் சொல் எத்தனை ஆண்களை வாட்டியிருக்கிறது! விஷயம் நேர்மாறு. உறுப்பு சுருங்கிக் கிடக்கும்போதுதான் உள்ளே இருக்கும் தசை இறுகியிருக்கிறது. ஆசை வந்ததும் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு வெளிவர, அந்தத் தசை தளர்கிறது. தளர்ந்த இடத்துக்குள் இரத்தம் பாய்கிறது. உப்பிய திசு, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளங்களை நசுக்கிவிடுவதால் வந்த இரத்தம் அங்கேயே தங்குகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும்போது மழை வெள்ளம் வந்து சேர்ந்தால் நம்ம மட்டக்களப்பு வாவி எப்படி ஏறும்? அப்படித்தான். இந்த வாயு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தளர்ந்தால்தான் எழும், தம்பி. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறி அதே தசையை இறுக்கிப் பிடிக்கும். நாய் துரத்தும்போது ஓடுவதற்கான ஏற்பாடு அது. 'இன்றைக்கு வருமா, வராதா' என்று ஒருவன் தன் உடம்பைத் தானே காவல் காத்துக்கொண்டு படுத்தால், உடம்புக்கு அதுவும் நாய்தான். ஒருமுறை தவறியது அடுத்த இரவின் பயமாகிறது. அந்தப் பயம் மறுபடி தவறவைக்கிறது.

நானும் மனைவி வீட்டுக்கு வந்தவன். அறைச்சுவர் கூரைவரை போகாது, மேலே இரண்டடி இடைவெளி. அந்தப் பக்கம் மாமா இருமினால் என் தலையணைக்குப் பக்கத்தில் இருமியது போலிருக்கும். பாய் சரசரத்தால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். பல கிழமைகள் அப்படியே போயின. ஆடி அமாவாசைக்கு எல்லாரும் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போன பகலில், குசினியில் மனைவி தேங்காய் துருவ, நான் பக்கத்தில் இருந்து ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதையும் நிரூபிக்க வேண்டும் என்ற நினைப்பே அன்றைக்கு இல்லை. எங்கள் தாம்பத்தியம் தொடங்கியது அன்றுதான். ஆகவே உங்கள் வீட்டுச் சுவரையும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.

கைப்பழக்கத்தால் நரம்பு கெடாது. விந்து நாளாந்தம் உண்டாவது, போனால் உடம்பு வற்றாது. அந்தக் கவலையை இதோடு விடுங்கள்.

கூட்டாளி தந்த மாத்திரையைப் போடாதீர்கள். வயாகரா போன்ற அந்த வகை மாத்திரைகள், ஆசை வந்தபின் உடம்பு அனுப்பும் செய்தியைச் சற்று நீட்டித்துக் கொடுக்கின்றன. ஆசையை அவை உண்டாக்குவதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் போட்டால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். டொக்டரிடம் ஒருமுறை போய்ச் சீனியும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், அது போதும். இதை வாசிக்கும் நாற்பது தாண்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: காலை விறைப்பும் நின்றுபோயிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உறுப்புக்குப் போகும் குழாய்கள் இருதயத்துக்குப் போகும் குழாய்களைவிட ஒடுக்கமானவை. அடைப்பு பெரும்பாலும் முதலில் இங்கேதான் தெரியும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். கூட்டாளி என்ன சொன்னான் என்று இருக்கிறது. மனைவி என்ன சொன்னார் என்று ஒரு சொல்லும் இல்லை. ஐந்து மாதமாக அதே பாயில், தன்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டு அவரும் விழித்துக் கிடக்கலாம். எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லுங்கள். இரவில் வேண்டாம், பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.